பன்றிக்குக் காத்திருந்த மூன்று நாள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது ஒன்றும் நடந்திருக்காது. கோப்பிக் கோப்பைகளை எடுக்கப் போன இடத்தில், என்னைக் கேளாத கேள்விக்கு மறுமொழி சொன்னேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் இருந்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவரை சினியோரே என்றும் மனைவியை சினியோரா என்றும் கூப்பிடுவேன். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, எனக்கு ஐம்பத்தைந்து. அவருக்கு ஒரே ஒரு பித்து இருந்தது. வில்லாலே காட்டுப்பன்றி வேட்டையாட வேண்டும். துவக்கைக் கையால் தொடமாட்டார். இரண்டு முனையிலும் சில்லுப் பூட்டிய வில் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் மொட்டை மாடியில் ஒரு சாக்குக்கு அம்பு விடுவார். சாக்கில் குறி தப்பாது. பன்றியில் மட்டும் நாலு வருஷமாக ஒரு அம்பும் படவில்லை, ஏனென்றால் பன்றி கிட்ட வருவதில்லை. துவக்கால் பன்றி சுடுகிற அவருடைய கூட்டாளிமார் தொலைபேசியில் கூப்பிட்டு, "பண்டி சுகமாய் இருக்குதோ?" என்று கேட்பார்களாம்.

அந்தக் கார்த்திகையில் அவருடைய வலது தோளில் நரம்பு கிழிந்திருக்கிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வருகிற புதன்கிழமை தோளை வெட்டித் தைக்கிறார்கள். அதற்குப் பிறகு வில் இழுக்கவே முடியாது. செவ்வாயும் வெள்ளியும் அங்கே சட்டப்படி வேட்டை கூடாது, அதனால் மிச்சம் சனி, ஞாயிறு, திங்கள் மட்டும்தான். அதை அவர் சாப்பாட்டு மேசையில் இருந்து விரல் மடித்துச் சொன்னபோது, அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அது எங்கை வரும், எப்ப வரும் எல்லாம் எனக்குத் தெரியும்," என்று சினியோராவிடம் சொன்னார். "நான் காத்திருக்கிற அண்டைக்கு மட்டும் வருதில்லை."

நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டே சொன்னேன். "சினியோரே, அது வருகுது. வந்து உங்களை மணந்துபோட்டுத் திரும்பிப் போகுது."

நாங்கள் கதைத்தது இத்தாலியனில். என்னுடைய இத்தாலியன் சந்தையில் பொறுக்கினது, அதை அப்படியே எழுத வராது. என் வாயில் வருகிற மாதிரித்தான் இங்கே எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

"என்னத்தை மணக்குது?" என்றார்.

"சென்ற் பூசுறியள். சுருட்டுக் குடிக்கிறியள். சூட்டோட கோப்பியும் கொண்டு போறியள். அரை மைல் தூரத்திலையே அதுக்கு நீங்கள் ஆரெண்டு தெரியும்."

சினியோரா விழுந்து விழுந்து சிரித்தா. அவர் சிரிக்கவில்லை. "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ரை அப்பா மன்னார்க் காட்டிலை பண்டி வேட்டைக்காரன். பெட்டைப்பிள்ளை எண்டு பாராமல் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வாயைத் திறக்காமல் இருக்கிற பிள்ளை நான் ஒருத்திதான்."

"வாயைத் திறக்காமல், நீ!" என்றா சினியோரா.

அவர் என் கையிலிருந்த தட்டத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "சனிக்கிழமை வெளிக்கிடு. நீயும் வாறாய்," என்றார்.

நான் அப்போது தங்கச்சி குடும்பத்தோடு அதே நகரத்தில், போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தங்கச்சி வெங்காயம் வெட்டின கத்தியோடு திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு விசரே? ஞாயிறு பூசையை விட்டிட்டுப் பண்டிக்குப் பின்னாலை போறியளோ?"

"மாதாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போறன்."

"பண்டி வராட்டி?"

"வரும்."

"வராட்டி எண்டு கேட்டனான்."

"வராட்டி அந்த வீட்டிலை இனி வாயைத் திறக்காமல் கோப்பை கழுவுவன்."

"அப்ப வராமலே இருக்கட்டும். எல்லாருக்கும் நிம்மதி," என்றாள்.

பகிடிதான். எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை. ஒரு மனிசனுடைய கடைசி மூன்று நாளை நான் என் சொல்லில் கட்டிவிட்டேன் என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

அவர் வேட்டைக்குப் போகிற மலைக் காணி பலெர்மோவிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம். காணியைப் பார்க்கிற தோட்டக்காரரும் மனைவியும் அங்கேயே ஒரு கல்வீட்டில் இருந்தார்கள். நான் அவர்களோடு தங்குவதாக ஏற்பாடு. தோட்டக்காரர் சினியோரேயைத் துத்தோரே, அதாவது வைத்தியரே, என்றுதான் கூப்பிடுவார். தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "துத்தோரே, இந்த முறை சமையல்காரியையும் கொண்டந்திட்டியள். பண்டியைச் சட்டிக்குள்ளை வரச்சொல்லிக் கூப்பிடப் போறாவோ?" என்றார். பன்றி வருகிற இடத்தைக் காட்டச் சொன்னேன்.

வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. போத்தலுக்குத் தக்கை எடுக்கிற மரங்கள் நிற்கிற ஒரு சரிவு. மரத்தின் கீழ் எல்லாம் கொட்டை விழுந்து கிடந்தது. நடுவில் ஒரு ஊற்று, ஊற்றைச் சுற்றிப் பன்றி புரள்கிற சேற்றுக் குழி. பக்கத்து மரத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் சேறு தேய்ந்திருந்தது. சேறு இன்னும் ஈரம். தனிக் கடுவன், பெரியது.

அவர் நாலு வருஷமாக இருந்த இடம் ஊற்றுக்கு மேலே, பலகை அடித்த ஒரு சின்னக் கொட்டில். அங்கிருந்து எல்லாம் தெரியும். நான் மடியில் முடிந்து கொண்டுபோன கோதுமை மாவில் ஒரு நுள்ளு எடுத்து விட்டேன். மா சரிவில் கீழே, ஊற்றுப் பக்கமாகத்தான் போனது.

"பின்னேரம் குளிர் இறங்கேக்கை காத்தும் கீழை இறங்கும். நீங்கள் மேலை இருந்து உங்கடை மணத்தைத் தட்டத்திலை வைச்சு அதுக்கு அனுப்பிறியள். ஊத்துக்குக் கீழை இருப்பம்."

"கீழை இருந்தால் ஒண்டும் தெரியாது."

"கால் தெரியும். கால் போதும்."

ஊற்றுக்குக் கீழே இருபது காலடி தள்ளி ஒரு பாறை. அதைச் சுற்றி ஆளுயரத்துக்குக் காட்டுப் பெருஞ்சீரகச் செடி. அங்கே இருந்தோம். அன்றைக்கு அவரைச் சவரம் செய்ய விடவில்லை. சென்ற், சுருட்டு, கோப்பி ஒன்றும் இல்லை. உடுப்பை முதல் நாளே வெளியில் கொழுவச் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெயில் மரத்து நுனிக்கு ஏறின நேரம் பன்றி வந்தது. முதலில் சருகுச் சத்தம். பிறகு மரங்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு. நாற்பது காலடியில் நின்றது. ஊற்றைச் சுற்றி வளைந்து, எங்களுக்குக் கீழ்ப் பக்கமாக வந்து தண்ணியைப் பார்த்தது. மன்னார்க் காட்டுக் கிழட்டுக் கடுவன்களும் அப்படித்தான் செய்யும், நான் அதை மறந்துபோனேன். மூக்கைத் தூக்கியது. 'உஃப்' என்று ஒரு மூச்சு. அவ்வளவுதான், ஆள் இல்லை.

சினியோரே வில்லை மடியில் வைத்தார். "இப்ப என்ன? நான் சவரம்கூடச் செய்யேல்லை."

"காத்து மாறிப்போச்சு," என்றேன்.

அவர் மா முடிச்சை வாங்கி ஒரு நுள்ளு விட்டார். மா எனக்கு மேலாகப் போய்க் கீழே இறங்கியது. மாவின் பின்னால் அவருடைய மூக்கும் வந்தது. என் தலைக்குக் கிட்ட வந்து நின்றது.

"இது என்ன மணம்?"

தேங்காய் எண்ணெய். விடியத் தலைக்கு வைத்துப் பின்னியிருந்தேன். சின்ன வயது தொடக்கம் எண்ணெய் வைக்காமல் ஒரு நாளும் வாசல் தாண்டினது இல்லை. அதனால் அது ஒரு மணம் என்றே என் நினைப்பில் வரவில்லை. அது மட்டுமா? முழங்காலுக்கு நோவெண்ணெய் பூசியிருந்தேன். போட்டிருந்த கம்பளிச் சட்டை, போர்கோ வெக்கியோக் குசினியில் தங்கச்சி மிளகாயும் மல்லியும் வறுக்கிற அடுப்புக்கு மேல் கொழுவிக் கிடந்த சட்டை. ஒரு யாழ்ப்பாணக் கடை நடந்து போனது மாதிரித்தான் நான் அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறேன்.

எனக்கு முகம் எரிந்தது. அவர் ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். ஏசவில்லை. "வா, குளிருது," என்றார். வீட்டு வாசலில் நான்தான் நின்று சொன்னேன். "சினியோரே, காத்து மாறேல்லை. பிழை என்னிலை."

"தெரியும்," என்றார். "மூண்டிலை ஒண்டு போச்சு."

ஞாயிறு விடிய, தோட்டக்காரரின் மனைவியிடம் அடுப்புச் சாம்பல் வாங்கி, பச்சைத் தண்ணியில் தலையை மூன்று தரம் முழுகினேன். பல்லு அடித்தது. எண்ணெய் போகாத இடத்தில் மூன்றாம் தரம் மண் போட்டுத் தேய்த்தேன். அவ வாசலில் நின்று சிலுவை போட்டா. நோவெண்ணெய் பூசவில்லை. அவவுடைய ஆட்டுக் கொட்டிலில் கிடந்த ஒரு பழைய மேல்சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டேன். பெருஞ்சீரக இலையைக் கசக்கிக் கையிலும் கழுத்திலும் தேய்த்தேன். சினியோரே என்னைக் கண்டதும் முகத்தை அங்காலே திருப்பினார். தோள் குலுங்கியது. சிரிக்கட்டும்.

அன்றைக்கும் பன்றி வந்தது. அதே வளைவில் சுற்றிக் கீழ்ப் பக்கம் போய் மூக்கைத் தூக்கியது. நான் மூச்சு விடவில்லை. மூக்கை இறக்கியது. ஏறி வந்து ஊற்றில் வாயை வைத்தது. இருபது காலடி. தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது. நாலு வருஷத்தில் அவர் அதை அவ்வளவு கிட்டக் கண்டதில்லை.

வில்லை இழுத்தார். ஆனால் பன்றி எங்களை நேரே பார்த்துக்கொண்டு நின்றது. நேரே நிற்கிற பன்றிக்கு அம்பு விட்டால் நெற்றி எலும்பில் பட்டுத் தெறிக்கும். அது பக்கம் திரும்ப வேண்டும், முன்னங்கால் முன்னுக்குப் போக வேண்டும், அந்தக் காலுக்குப் பின்னால் இருக்கிற உள்ளங்கை அகலத்துக்குள் அம்பு போக வேண்டும். இது அவருக்கும் தெரியும். இழுத்தபடி வைத்திருந்தார். பன்றி குடித்தது. திரும்பவில்லை. அவருடைய முழங்கை நடுங்கத் தொடங்கியது. பிறகு தோள். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக நாணைத் தளர்த்தினார். ஒரு சின்னச் சத்தமும் இல்லை. பன்றி குடித்து முடித்து, எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தன் பாட்டில் போனது.

அவர் வலக் கையை இடக் கையால் தூக்கி மடியில் வைத்தார். முகம் வெள்ளை.

அன்று இராச் சாப்பாட்டில் கரண்டியை இடக் கையால் பிடித்தார். "முடிஞ்சுது," என்றார். "நாளைக்கு இந்தக் கை எழும்பாது. விடிய பலெர்மோ போவம்."

"எத்தினை தரம் இழுக்கலாம்?"

"ஒருக்கால். அதுவும் சந்தேகம்."

"ஒருக்கால் போதும். நேற்று என்னை மணந்து ஓடினது. இண்டைக்கு நாங்கள் இருக்கிறது தெரியாமல் தண்ணி குடிச்சிட்டுப் போனது. நாளைக்கும் வரும்."

"வந்து நேரே நிண்டால்?"

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருங்கோ. நான் பதிஞ்சிருந்து காலைப் பாக்கிறன். அது பக்கம் திரும்பேக்கை உங்கடை முதுகிலை விரலாலை அமத்துவன். அப்ப இழுங்கோ. அதுக்கு முன்னம் பண்டி வந்து உங்கடை சப்பாத்தை நக்கினாலும் இழுக்காதேங்கோ."

தோட்டக்காரர் மேசைக்கு அங்காலிருந்து, "துத்தோரே, இவ உங்களைக் கட்டியிருந்தால் நீங்கள் இண்டைக்கு மந்திரி," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

திங்கள் விடிய மழை. சினியோரே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். நான் பையைத் திரும்பத் தூக்கி உள்ளே வைத்தேன். ஒரு வேலைக்காரி செய்கிற வேலை இல்லை அது. "மழை பழைய மணத்தைக் கழுவும். சருகு நனைஞ்சால் எங்கடை காலும் சத்தம் போடாது. மூண்டு மணிக்குப் போவம்," என்றேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தார்.

மூன்று மணிக்கே பாறைக்குப் போய்விட்டோம். மழை விட்டிருந்தது. செடியில் இருந்து சொட்டுச் சொட்டாகக் கழுத்துக்குள் விழுந்தது. நான் வயிறு நிலத்தில் பட, அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். ஒரு விரல் அவர் முதுகில். அந்த விரல் வழியாக அவருடைய மூச்சு எனக்குத் தெரிந்தது.

நாலு மணி. ஒன்றும் இல்லை. நாலேகாலுக்கு எனக்குத் தொண்டையில் கரகரத்தது. முதல் நாள் பச்சைத் தண்ணியில் முழுகினதன் வேலை. இருமல் எழும்பி வந்தது. தலைத்துண்டை வாய்க்குள் திணித்துக் கடித்தேன். கண்ணால் தண்ணி ஓடியது. நெஞ்சு உள்ளுக்குள்ளேயே இரண்டு தரம் வெடித்தது. சத்தம் வெளியில் வரவில்லை. அவர் அசையவில்லை.

சூரியன் விழுந்த பிறகு அம்பு விடக்கூடாது, அது அங்கத்தைய சட்டம். அவர் மணிக்கூட்டை எனக்குத் தெரியும்படி சரித்தார். பத்து நிமிடம். பிறகு ஏழு. அவருடைய முதுகு தளர்வதை விரல் சொன்னது. நம்பிக்கை போகிற முதுகு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஐந்து நிமிடம் இருக்க, செடிகளுக்கு அடியால் நாலு கால் தெரிந்தது.

சத்தமே இல்லாமல் வந்து நின்றது, ஈரச் சருகு எங்களுக்கு மட்டுமா உதவும்? நேரே நின்றது. குடித்தது. நான் அமத்தவில்லை. குடித்து முடித்துச் சேற்றுக் குழியில் முன்னங்காலை வைத்தது. இன்னும் நேரேதான். அவருடைய முதுகு மரக்கட்டை மாதிரி. ஒரு கால் நகர்ந்தது. பின்னங்கால். பொறு, பொறு. பன்றி சேற்றில் புரள்வதற்காகச் சரிந்து திரும்பியது. இடது முன்னங்கால் முன்னுக்குப் போனது.

அமத்தினேன்.

இழுக்கிறபோது அவருடைய தோளுக்குள் ஏதோ 'கடக்' என்றது. அந்தச் சத்தத்துக்குப் பன்றி தலையைத் திருப்பியது. ஆனால் அம்பு போய்விட்டது. ஈரச் சாக்கில் தடியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். பன்றி ஒரு தரம் துள்ளி, செடியை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கியது. பிறகு ஒரே அமைதி.

சினியோரே எழும்பினார். நான் அவருடைய காற்சட்டையைப் பிடித்து இருத்தினேன்.

"விடு! ஓடுது!"

"ஓடட்டும். இப்ப பின்னாலை போனால் விடியுமட்டும் ஓடும். விட்டால் கிட்டப் படுக்கும். ஒரு செபமாலை முடியுமட்டும் எழும்பக்கூடாது. அப்பா அப்பிடித்தான் செய்வார்."

"நான் செபம் சொல்லுறேல்லை எண்டு உனக்குத் தெரியும்."

"நான் சொல்லுறன். நீங்கள் இருங்கோ."

திங்கட்கிழமைச் செபமாலைக்கு உரியது சந்தோஷ தேவ இரகசியம், பத்துப் பத்துச் செபமாக ஐந்து தரம். குனிந்திருந்து மெல்லமாகச் சொன்னேன். அவர் வலக் கையைத் தொட்டும் பார்க்காமல் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் கழுவின தண்ணி மாதிரி வடிந்துகொண்டிருந்தது. எனக்கும் பயம்தான். இருட்டிவிட்டால் இரத்தத்தைக் காண முடியாது. ஆனால் அவசரப்பட்டு எழுப்பிய பன்றியை ஒருவரும் காணமாட்டார்கள்.

"எத்தினை பத்து முடிஞ்சுது?"

"மூண்டு."

"மூண்டு போதும். மாதா கோவிக்கமாட்டா."

"அஞ்சு."

"கொஞ்சம் கெதியாய்ச் சொல்லன்!"

அவருக்காக நாலாவது பத்தைக் கெதியாகச் சொன்னேன். ஐந்தாவதை ஒழுங்காகச் சொன்னேன்.

பெருஞ்சீரகத் தண்டில் இரத்தம் இருந்தது, நல்ல சிவப்பு, நுரையோடு. நுரை என்றால் அம்பு சுவாசப்பையில் பட்டிருக்கிறது. அவருக்குச் சொல்லவில்லை, முதலில் காணட்டும். இருபது காலடி இரத்தம் வழிகாட்டியது. பிறகு ஊற்றுத் தண்ணி ஓடுகிற கல்லுப் பாதை வந்தது. அங்கே எல்லாம் ஈரம், எல்லாம் கறுப்பு. ஒன்றும் தெரியவில்லை. அவர் அங்காலே இங்காலே நடந்து பார்த்தார். ஒரு கல்லில் இருந்துவிட்டார்.

"போட்டுது. வெளிச்சமும் போட்டுது. நீ எல்லாம் சரியாய்த்தான் செய்தனி."

நான் முழங்காலில் இறங்கினேன். அந்த முழங்கால் இரண்டு நாளாக நோவெண்ணெய் காணாத முழங்கால். கண்ணால் தெரியாததைக் கையால் தேடினேன். ஒவ்வொரு இலையாகத் தடவி, விரலை மூக்கில் வைத்தேன். தண்ணிக்கு மணம் இல்லை. இரத்தத்துக்கு இரும்பு மணம். ஒரு இலை, இல்லை. அடுத்தது, இல்லை. கல்லைக் கடந்து அந்தப் பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு முள்ளிலை. மணந்தேன்.

"சினியோரே."

"என்ன?"

"வாங்கோ."

முள்ளுப் பற்றைக்கு அடியில், நாலு காலும் மடிந்து, நித்திரை மாதிரிக் கிடந்தது. அவர் அம்பு முனையால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. அதன் பக்கத்தில் ஈர நிலத்திலேயே இருந்தார். இடக் கையை அதன் முதுகு மயிரில் வைத்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை.

பிறகு எழும்பப் பார்த்தார், முடியவில்லை. வலக் கை சட்டைக் கை மாதிரித் தொங்கியது. நான் அவருடைய இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். வில்லைத் தோளில் போட அவரால் முடியவில்லை. என்னிடம் நீட்டினார். வாங்கினேன். நினைத்ததை விடப் பாரம்.

"இனி இழுக்கமாட்டன்," என்றார்.

"தெரியும்."

"கவலைப்படுவன் எண்டு நினைச்சனான்." பன்றியைத் திரும்பிப் பார்த்தார். "பசிக்குது."

கீழே தோட்டக்காரர் விளக்கோடு ஏறி வருவது தெரிந்தது. தூரத்திலிருந்தே, "சட்டிக்குள்ளை வந்திட்டுதோ?" என்று கத்தினார். நான் மறுமொழி சொல்லப் போனேன். சினியோரே என்னை முந்திக்கொண்டார்.

"கயிறு கொண்டு வா," என்று கத்தினார். "பெரிய கயிறு!"